ஐந்துக்கு ஒன்று

"சரி சார். ஆயிடும் சார். ஞாயித்துக்கிழமை எல்லாரையும் வரச் சொல்லிடறேன் சார்."

தலைமை ஆபீஸ் கேள்வியை முடிப்பதற்குள் சூப்பர்வைசர் பதிலை முடித்துவிட்டார். இருபது வருஷப் பழக்கம்.

போனை வைத்துவிட்டு, கண்ணாடி லென்ஸ் தேய்க்கும் கூடத்துக்கு வந்து கையைத் தட்டினார். மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. எட்டுப் பேரும் வழக்கம்போல வரிசையாக வந்து நின்றார்கள்.

"பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு இருநூறு கண்ணாடி. திங்கட்கிழமை காலையில வண்டி ஏறணும். ஞாயித்துக்கிழமை யார் யார் வர்றீங்க?"

"என்னால முடியாது சார்."

வேறு யார்? மூன்றாவது மெஷின்காரிதான். பன்னிரண்டு வருஷமாக அதே மெஷின், இவர் இந்தக் கிளைக்கு வந்த நாளாக அதே பதில். 'முடியாதம்மா' என்ற பட்டம் நிலைத்துப்போய், சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிச்சம்.

"நான் இன்னும் கேட்டே முடிக்கலையேம்மா!"

"கேட்டு முடிச்சாலும் அதேதான் சார்."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். சூப்பர்வைசருக்குச் சுருக்கென்றது.

"சம்பளத்தை மட்டும் முடியாதுன்னு சொல்லாம வாங்கிக்கறீங்களே!"

"அதை நீங்க ஞாயித்துக்கிழமை குடுக்கறதில்லையே சார்."

அவ்வளவுதான். பொறுப்பு, விசுவாசம், உப்பிட்ட இடம் என்று ஐந்து நிமிஷம் பொரிந்து தள்ளினார். அவள் மழை விடட்டும் என்று கடை ஓரமாக ஒதுங்கியவள் மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது, பக்கத்தில் நின்ற கைக்குழந்தைக்காரி மெதுவாக வாயைத் திறந்தாள்.

"சார்... எனக்கும் கொஞ்சம் கஷ்டம். பாப்பாவுக்கு நேத்திலேர்ந்து காய்ச்சல்."

அடுத்தது, ஃபிரேம் மாட்டுகிறவர். "வீட்டுல அவளுக்கு ஆப்பரேஷன் ஆகி நாலு நாள்தான் சார் ஆகுது."

மறுபடி திட்டத் தொண்டையில் தெம்பில்லை. "சரி, சரி. உங்க ரெண்டு பேரையும் விட்டுடறேன்" என்றார். மீதி ஐந்து பேர் வருவதாகத் தலையாட்டினார்கள்.

'இவ ஒருத்தி வாயைத் திறந்தா மத்தவங்களுக்கும் தைரியம் வந்துடுது' என்று கறுவிக்கொண்டே தன் அறைக்குத் திரும்பினார்.

மேஜையில் வருடாந்தர மதிப்பீட்டு ஃபாரம். அவளுடைய தாளை எடுத்தார். வேலைச் சுத்தம்: ஐந்துக்கு ஐந்து. அதில் யாரும் குறை சொல்ல முடியாது. மனப்பான்மை: ஐந்துக்கு ஒன்று. பேனா காகிதம் கிழிகிற மாதிரி அழுந்தியது. ஊரின் மறுகோடியில் இருக்கும் கிடங்குக்கு அவளை மாற்றும் உத்தரவும் தயார். கையெழுத்துதான் பாக்கி.

பழைய தாள்களைப் புரட்டினார். எல்லா வருஷமும் ஒன்று, ஒன்று, ஒன்று. அடியில் கிடந்த முதல் வருஷத்தில் மட்டும் ஐந்து; இவர் இங்கே வருவதற்கு முன் யாரோ எழுதியது. 'எப்போது கூப்பிட்டாலும் வருவார். மறுத்துப் பேசியதே இல்லை.'

எந்தப் புண்ணியவான் இவளைக் கெடுத்தான்?

அவளை வரச் சொன்னார். உத்தரவு அவர் உள்ளங்கைக்குக் கீழே இருந்தது.

"ஞாயித்துக்கிழமை அப்படி என்னம்மா வெட்டி முறிக்கற வேலை உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல சார். துணி துவைக்கணும்."

"துணியா? அப்ப வந்தா என்ன?"

"வர்றேன் சார். எட்டு மணிக்கா, ஒம்பது மணிக்கா?"

சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்தார். கிண்டல் செய்கிற முகமாகத் தெரியவில்லை.

"பத்து நிமிஷத்துக்கு முன்னாடி முடியாதுன்னீங்களே!"

"அங்க எட்டுப் பேரைச் சேத்து நிக்க வெச்சுக் கேட்டீங்க. இங்க என்னை மட்டும் கேக்கறீங்க."

"அதுல என்ன வித்தியாசம்?"

"முதல்ல முடியாதுங்கற ஆள் மேலதான் சார் உங்க கோபம் மொத்தமும் இறங்கும். ரெண்டாவது ஆளுக்கு அவ்வளவா மிச்சம் இருக்காது. அந்தப் பொண்ணு காலையிலேர்ந்து போனைப் பாக்கறதும் கண்ணைத் தொடைக்கறதுமா இருந்தா. அவளா முதல்ல சொல்லவே மாட்டா."

மேஜை மின்விசிறி ஃபாரத்தின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது.

"முதல் வருஷம் நீங்க மறுத்ததே இல்லைன்னு எழுதியிருக்கே?"

"அப்ப எனக்கு முன்னாடி சொல்ல யாரும் இல்ல சார்." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அப்பா ஆஸ்பத்திரியில இருந்தார். வரிசையில நின்னு நானும் சரின்னுட்டேன். அவர் கண்ணை மூடின அந்த ஞாயித்துக்கிழமை, நான் அந்த மூணாவது மெஷின்ல நின்னுக்கிட்டிருந்தேன்."

கதவுப் பக்கம் திரும்பினாள்.

"எட்டு மணிக்கே வந்துடறேன் சார்."

கதவு சாத்திக்கொண்டது. உத்தரவை நாலாக மடித்தார். மடித்ததைக் கிழித்தார்.

போன் அடித்தது. தலைமை ஆபீஸ்.

"இன்னொரு இருநூறு வந்திருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமையும் எல்லாரும் வரட்டும். சரிதானே?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் எட்டுத் தலைகள் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தன. தலைமை ஆபீஸில் அவருக்கும் ஒரு ஃபாரம் இருக்கிறது. மனப்பான்மைக் கட்டத்தில் இருபது வருஷமாக ஐந்துக்கு ஐந்து.

பழகிய 'சரி' பல் வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினார்.

"முடியாது சார்" என்றார், முதல் ஆளாக.