கோலில் ஒரு வெட்டு

குன்றின் மேல் கிரிக்கெட் திடலில் வெயில் சாய்கிறது. எதிரூரின் கடைசி ஆட்டக்காரனும் அவுட். ஒரே ஓட்ட வித்தியாசத்தில் அவர்களுக்குத் தோல்வி. "ஜெயிச்சிட்டோம்டா சைலஸ்!" என்று ஊர்க்காரர்கள் கத்துகிறார்கள். ஓட்டத்துக்கு ஒரு வெட்டாகக் கோலில் கணக்கு வைக்கும் சைலஸ் கத்தியை மடக்குகிறான். காலையில் தன் ஊர் ஆடியபோது, ஓட்டம் முடியுமுன்பே ஆசையில் கத்தி இறங்கிவிட்டது. ஆட்டக்காரனோ பாதியில் திரும்பிவிட்டான். மரத்தில் வெட்டியதை அழிக்க முடியாது. பக்கத்தில் தும்மிக்கொண்டிருந்த எதிரூர்க் கணக்கன் ஹார்ட்லி, "நீ வெட்டினா சரிதாம்ப்பா" என்று தன் கோலிலும் வெட்டிக்கொண்டான். இப்போது வழக்கப்படி ஹார்ட்லி இரண்டு கோல்களையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடிக்கிறான். வெட்டுக்கு வெட்டு பொருந்துகிறது. "பாத்தியா மாப்ளே, மயிரிழை பிசகல. நாம ரெண்டு பேரும் யோக்கியனுங்க!" சொல்லிவிடத்தான் சைலஸ் வாயைத் திறக்கிறான். "ஆமா" என்றுதான் வருகிறது.