மறந்து வைத்த பொருள்கள்

அயல்நாட்டில் பள்ளிப் பேருந்து ஓட்டிப் பிழைத்த அந்த மனிதருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுதோறும் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கச் செல்லும்போது, அதிகாரியின் மேசைமேல் எதையாவது 'மறந்து' வைத்துவிட்டு வருவார். ஒருமுறை வெள்ளிப் பேனா. மறுமுறை வாசனைத் தைலம். பிறிதொருமுறை தோல் பை. அதிகாரியும் ஒரு வார்த்தை பேசாமல் அதை இழுப்பறைக்குள் தள்ளிவிடுவார். அனுமதி தட்டாமல் கிடைத்துவிடும்.

"இந்தத் தடவை எதை மறக்கப் போறீங்க?" என்றாள் மனைவி, அவருடைய சட்டையைத் தேய்த்தபடி.

"கைக்கடிகாரம்."

"பாத்துங்க. மாட்டிக்கிட்டா பொண்ணு படிப்பே நின்னுடும்."

"அடி அசடே! கொடுத்தாத்தானே லஞ்சம்? மறந்தா யாரு என்ன செய்ய முடியும்?"

அலுவலகத்தில் புதிய அதிகாரி, ஓர் இளம்பெண். ஓட்டுநருக்கு அந்நாட்டு மொழி அரைகுறை என்பதால், மொழிபெயர்க்க நம் மொழிக்காரர் ஒருவர் அருகில் அமர்ந்திருந்தார். கடிகாரத்தை மேசையோரம் சாமர்த்தியமாக வைத்துவிட்டு ஓட்டுநர் எழுந்தார்.

"உக்காருங்கண்ணே. போகக் கூடாதாம்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அதிகாரி இழுப்பறையைத் திறந்தார். பேனா, தைலம், தோல் பை என ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். கடிகாரத்தையும் வரிசையில் சேர்த்தார். சிறை, நாடு கடத்தல், மகளின் அழுகை எல்லாம் ஓட்டுநரின் கண்முன் வந்து போயின.

"என்னப்பா சொல்றாங்க?"

"மன்னிப்பு கேக்கிறாங்கண்ணே! நீங்க மறந்ததை அன்னன்னிக்கே திருப்பிக் கொடுத்திருக்கணுமாம். பழைய அதிகாரி, நீங்களே தேடிக்கிட்டு வருவீங்கன்னு எடுத்து வெச்சிருந்தாராம்."

போன உயிர் திரும்பியது. பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி, ஓட்டுநர் பொருள்களை மடியில் வாரிக்கொண்டார். "ஆமாப்பா, எனக்குச் சின்ன வயசுலேருந்தே ஞாபக மறதி. அதையும் சொல்லு!"

"அவசியம் சொல்லணுமாண்ணே?"

"அட, சொல்லுப்பா!"

அவர் சொன்னார். அதிகாரியின் முகம் இருண்டது. கையை நீட்டினார்.

"ஓட்டுநர் உரிமத்தைக் கேக்கிறாங்கண்ணே. இவ்வளவு மறதிக்காரர்கிட்ட பிள்ளைங்களை ஒப்படைச்சது அரசாங்கத்தோட தப்பாம். அந்தத் தப்பை இன்னிக்கே சரி பண்ணிடறாங்களாம்."

"ஐயையோ! எனக்கு மறதியே கிடையாதுப்பா! சொல்லு, சொல்லு!"

"தாராளமா சொல்றேன்." மொழிபெயர்ப்பாளர் அவருடைய மடியைப் பார்த்தார். "அப்போ இதெல்லாம் என்னன்னு கேப்பாங்களே, அதுக்கு என்ன சொல்லட்டும்?"

ஓட்டுநர் தம் உரிமத்தை எடுத்து, வழக்கம்போல் மேசையோரம் வைத்தார். அதிகாரியும் ஒரு வார்த்தை பேசாமல் அதை இழுப்பறைக்குள் தள்ளினார்.