கடைசி வார்த்தை

சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அந்த ஒரு வார்த்தையை மட்டும் அழித்தார். அந்த இடத்தில் வேறொன்றைத் தட்டினார். பழக்கமில்லாத திருட்டு என்பதால் விரல் இரண்டு தடவை தவறி விழுந்தது.

எதிர் மேஜையில் நொட்டையார் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வேலையில் மூழ்கியிருந்தார். எதைக் காட்டினாலும் நொட்டை சொல்வதற்கே சம்பளம் வாங்குகிறவர், அதனால் அந்தப் பெயர். நல்லவேளை, தலை நிமிரவில்லை.

பரிசோதனைக்கூடத்தின் இணையதளத்தை எழுதியவர் நம்மவர்தான். ஆளுக்கொரு லிங்க் போகும். தட்டினால் முத்திரையோடு ரிப்போர்ட் திறக்கும். பெயர், வயது, முடிவு எல்லாம் அந்த லிங்க்கின் வாலிலேயே தொங்கும். பக்கம் அதைச் சரிபார்க்காமல் அப்படியே எடுத்துக் காட்டிவிடும்.

"டேட்டாபேஸைக் கேட்டுட்டுக் காட்டச் சொல்லுங்க சார். வழியில வர்றதையெல்லாம் நம்பினா எப்படி?" என்று நொட்டையார் ஒரு வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறார்.

"எவன்யா உக்காந்து லிங்க்கோட வாலைப் படிக்கப் போறான்? அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்."

அந்த அடுத்த வெர்ஷன் இன்றுவரை வரவில்லை. அந்தச் சோம்பேறித்தனம்தான் இப்போது அவருக்குக் கைகொடுத்தது. 'பாசிட்டிவ்' என்று இருந்த இடத்தில் 'நெகட்டிவ்' போட்டு, லிங்க்கை மனைவிக்கு அனுப்பினார். பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

மனைவிக்கு மார்பில் கட்டி. ஒரு மாதமாக மெலிந்துகொண்டே போனவளை அவர்தான் பிடிவாதமாக டாக்டரிடம் இழுத்துப் போனார். ரிப்போர்ட் தனக்கே முதலில் வரட்டும் என்று தன் போன் நம்பரைக் கொடுத்திருந்தார்.

மகளுக்குப் பள்ளி இறுதித் தேர்வில் இன்னும் இரண்டு பரீட்சை பாக்கி. அம்மா முகம் வாடினாலே புத்தகத்தை மூடிவிடும் பெண் அவள். நாலே நாள், அதுவரை இந்த வீடு சிரித்துக்கொண்டிருக்கட்டும் என்று நினைத்தார்.

இந்த வித்தையை அவர் செய்வது இது முதல் தடவையும் அல்ல. போன வருஷம் வீட்டில் விளையாட்டாக ஒரு லிங்க்கின் வாலில் பெயர் 'மகாராணி', நோய் 'வாய்க்கொழுப்பு' என்று மாற்றி மனைவியிடம் காட்டியிருக்கிறார்.

"இந்தப் பக்கம் இருக்கே, சரியான அப்பாவி. யார் எதைச் சொன்னாலும் நம்பிடும்."

"எழுதினவரை மாதிரியேதான் இருக்கு" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

லிங்க்கை மாற்றி அனுப்பிய அன்று மாலையே டாக்டரைத் தனியாகப் போய்ப் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி டெஸ்ட் ஏதாவது எடுத்தாங்களா?"

"மூணு மாசம் முன்னாடி அவ ஆபீஸ்ல பொம்பளைங்க எல்லாருக்கும் கேன்சர் டெஸ்ட் எடுத்தாங்க டாக்டர். எங்க லேப்தான். நெகட்டிவ்னு வந்துச்சு." அன்று மனைவி அனுப்பியிருந்த லிங்க்கைத் தேடித் திறந்து காட்டினார்.

டாக்டர் முத்திரையைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார். முகம் தெளிந்தது. "அப்படின்னா இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. நீங்க சொல்ற மாதிரி பொண்ணு பரீட்சை முடிஞ்சே கூட்டிட்டு வாங்க, சின்ன ஆபரேஷன்ல எடுத்துடலாம். மூணு மாசமா உள்ளேயே வளர்ந்திருந்தா நான் இப்படிப் பேசிக்கிட்டு இருக்கமாட்டேன்."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வீட்டுக்கு வந்தபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"லிங்க்கைப் பாத்தியா? ஒண்ணுமே இல்லையாம்!" என்றார் கொஞ்சம் சத்தமாகவே.

அவள் கையிலிருந்த துணியை விட்டுவிட்டு அவரையே பார்த்தாள். "பாத்தேன்" என்றாள். பிறகு சிரித்தாள். "நீங்கதான் வீணா ஊரைக் கூட்டினீங்க."

நாலு நாள் ஓடியது. கடைசிப் பரீட்சை முடிந்ததும் மகள் தோழிகளோடு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டாள். வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒரு தப்பு பண்ணிட்டேம்மா. நான் அனுப்பின ரிப்போர்ட்ல கடைசி வார்த்தையை மாத்திட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா? எப்படி?"

"டாக்டர் என்ன சொன்னார்?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு நாளாக மனசுக்குள் பொத்தி வைத்திருந்த நல்ல சேதி அது. சொல்லும்போது குரல் குழைந்தது. "பயப்படவே வேண்டாமாம். மூணு மாசம் முன்னாடி நெகட்டிவ்தானே? அதனால இப்பதான் ஆரம்பமாம். சின்ன ஆபரேஷனோட சரி. மூணு மாசமா இருந்திருந்தாத்தான் கஷ்டமாம்."

பிடியிலிருந்த கை மெல்ல விலகியது. அவள் மகளின் அறையைப் பார்த்தாள். மேஜைமேல் இனி வேண்டாத புத்தகங்கள் குவிந்து கிடந்தன.

"அவ பரீட்சை முடியட்டும்னுதான்..." என்று தொடங்கி நிறுத்தினாள்.

"அதேதான்! நானும் அதுக்காகத்தான் மறைச்சேன். நாலே நாள்தானே, அதுல என்ன ஆயிடப்போகுது?"

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அந்தப் பழைய ரிப்போர்ட்டை மாத்தினது நான்தாங்க."