ரெண்டு ஆள் மெஷின்

"கையக் கொண்டாங்கம்மா, நீங்களே சுத்திப் பாருங்க. பக்கத்துல தொட்டில்ல புள்ள தூங்குனாக்கூட முழிக்காது!" என்றார் பாத்திரக்கடை ஆதிநாராயணன்.

கண்ணம்மாள் கைப்பிடியைச் சுற்றினாள். மேசை விளிம்பில் திருகி வைத்திருந்த அந்தக் காப்பிக்கொட்டை மெஷின் முனகக்கூட இல்லை. பொடி மெத்தென்று இறங்கியது. விலை முப்பத்திரண்டு. அவள் முந்தானையில் முடிந்திருந்தது முப்பது.

"முப்பதுன்னா எடுத்துக்கறோம்."

"எடுத்துக்குங்க. புதுசா கல்யாணம் ஆன வூடு. நாளைக்கே தொட்டில் கட்டணும்ல?" என்று அவர் அவள் மகனையும் மருமகளையும் பார்த்துச் சிரித்தார்.

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. மகன் விருத்தகிரி எவர்சில்வர் அடுக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மருமகள் வாசுகி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் இரண்டு ஆள் நிற்கலாம்.

கண்ணம்மாளுக்கு மெஷின் ஒரு சாக்குதான். திட்டக்குடியிலிருந்து வாசுகியைக் கட்டிக்கொண்டுவந்து மூன்று மாதம் ஆகிறது. வீடு என்பது ஒரு கூடமும் ஒரு அடுப்படியும், இடையில் ஒரு மூங்கில் தட்டி. மாமனார், நாத்தனார்கள் இரண்டு பேர் என்று மொத்தம் ஆறு உருப்படி. ஒருவர் இருமினால் ஐந்து பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த வீட்டில் இவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதை அவள் இதுவரை கேட்டதில்லை. "உம் மருமவ வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று பக்கத்து வீட்டுப் பூவாயி கேட்டதுகூடப் பெரிதில்லை. பிடிக்காத பெண்ணைப் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டோமோ என்ற எண்ணம்தான் அவளைத் தின்றது. கடைக்கு அழைத்துப் போனால், ஒரு பொருளை எடுக்கும்போதாவது வாய் திறந்து பேசிக்கொள்வார்கள் என்று பார்த்தாள்.

"அம்மா, கீழ கெடக்குதே, அது என்ன வெலைன்னு கேளு" என்றான் விருத்தகிரி.

"அதத் தொடாதீங்க தம்பி" என்றார் ஆதிநாராயணன். "இருவத்திரண்டு ரூவாதான். ஆனா சரியான முரடு. மேசையில மாட்டத் திருகு கெடையாது. ஒரு ஆளு அமுக்கிப் புடிச்சிக்கணும், ஒரு ஆளு சுத்தணும். சத்தம் வேற, நம்ம ஜங்ஷன்ல கூட்ஸ் வண்டி போறாப்ல. ரெண்டு வருசமா சீந்துவாரில்ல."

வாசுகி மேசை மெஷினின் பொடியை ஒரு சிட்டிகை எடுத்துப் பார்த்தாள். "அத்த, இது மாவாட்டம் இருக்குது. பில்டர்ல எறங்காது."

விருத்தகிரியும் ஒரு சிட்டிகை எடுத்தான். பீங்கான் தொழிற்சாலையில் மண் அரைக்கிற பிரிவில் அவனுக்கு வேலை. கட்டைவிரலால் தேய்த்தே மண்ணின் பதம் சொல்லிவிடுவான். "ஆமாம்மா. ரொம்ப நைசு. டிகாஷன் சேறாப் போயிடும்."

"கீழ இருக்கறது தேவலைங்க அத்த. எட்டு ரூவா மிச்சம்."

"அம்மா, அதையே போடச் சொல்லு."

"ஏன்டா, ரெண்டு பேரும் எங்கிட்டயே சொல்றீங்களே, நான் என்ன தபாலாபீசா?" என்று கண்ணம்மாள் வெடித்தாள். "அவ பக்கத்துலதான நிக்குறா? அவகிட்ட கேளேன்!"

விருத்தகிரியின் காது சிவந்தது. வாசுகி இன்னும் ஓர் அடி தள்ளி நின்றாள்.

"அந்த எட்டு ரூவா போனாப் போவுது, நல்லதையே எடுக்கலாம்" என்று கண்ணம்மாள் கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். இரண்டு பேரும் அசையவில்லை. ஆதிநாராயணன் தலையில் அடித்துக்கொண்டு, அந்த முரட்டு மெஷினின் தூசியைத் தட்டிச் சணலால் கட்டிக் கொடுத்தார்.

திரும்பும்போது மெஷினைத் தூக்கிக்கொண்டு விருத்தகிரி பத்தடி முன்னால் போனான். வாசுகி மாமியாரை ஒட்டியே வந்தாள். 'சாமி, நான்தான் அவசரப்பட்டுட்டேன்' என்று கண்ணம்மாள் மனதுக்குள் புலம்பிக்கொண்டே நடந்தாள்.

மறுநாள் காலையில் அவள் குழாயடிக்குக் குடத்துடன் கிளம்பியபோது மெஷின் லடலடவென்று ஆரம்பித்தது. இரண்டு நடை தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். சத்தம் நிற்கவில்லை. மூன்றாம் நடைக்கும் நிற்கவில்லை.

கூடத்தில் அவள் கணவர் கோவிந்தசாமி பேப்பரை மடக்கி எறிந்தார். "ஆறு டம்ளர் காப்பிக்கு இம்மா நேரமா? காது கிழியுது. என்னதான் அரைக்கிறாங்க, போய்ப் பாரு."

கண்ணம்மாள் குடத்தை இறக்கிவிட்டு, தட்டியை லேசாக விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். பிறகு சத்தம் காட்டாமல் தட்டியை இழுத்து மூடினாள்.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்லைங்க. கொட்டை கொஞ்சம் கெட்டி. இன்னும் அரை மணி ஆவும்" என்றாள் அவள், பொங்கி வந்த சிரிப்பை முந்தானையால் பொத்திக்கொண்டு.

உள்ளே டிகாஷன் எப்போதோ இறங்கி முடிந்திருந்தது. வாசுகி மெஷினை அமுக்கிப் பிடித்தபடி அவன் காதோடு என்னவோ கதை கதையாகச் சொல்லிச் சிரிக்க, விருத்தகிரி ஒரு கொட்டைகூட இல்லாத வெறும் மெஷினை விடாமல் சுற்றிக்கொண்டிருந்தான்.