உச்சகட்டம் சரியில்லை

"கரு பிரமாதம். பாத்திரப் படைப்பும் தேவலை. உச்சகட்டம்தான் சப்பையாப் போயிடுத்து, சொரிமுத்து!"

மாட்டுங்கா இலக்கிய வட்டத்தின் தலைவர் அனந்தநாராயணன் இப்படிச் சொன்னதும் சொரிமுத்து கூனிக் குறுகி நின்றான். எந்தக் கதை ஆண்டு மலருக்குப் போகும், எது குப்பைக்குப் போகும் என்பதெல்லாம் அவர் வாக்கில்தான் இருந்தது. தாராவித் தோல் பட்டறையில் வேலை பார்க்கிறவன் அத்தனை பெரிய மனிதரின் பேச்சுக்குக் குறுக்கே எப்படி விழுவது? சொல்ல வந்ததைத் தள்ளிப்போட்டுவிட்டு, வலது கையைத் துண்டுக்குள் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டான்.

"உச்சகட்டம்னா என்னங்கய்யா?"

"கதையில விழுந்த முடிச்செல்லாம் ஒண்ணா இறுகற இடம். அங்கே படிக்கறவன் நெஞ்சு பதறணும். உன்னோடதுல பதறலையே!"

"பதறலியாய்யா?"

"துளிக்கூட இல்லை. கதாநாயகன் படற கஷ்டம் நம்பும்படியா இல்லை. என்ன பண்றது, உனக்கு அனுபவம் போறாது." காபியை ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்தார். "என் ஆத்துக்காரி விசாலாக்ஷி பாலக்காடு போய்ப் பதினஞ்சு நாளாச்சு. நான் போடற காபி இந்த லட்சணம்."

சொரிமுத்துவுக்கு அழுகை முட்டியது. பட்டதைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத ஜென்மம் என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. இனி மறைத்துப் பயனில்லை.

"அய்யா, கோவிச்சுக்கிடாதீய. நீங்க படிச்சது கதையே இல்லய்யா."

"என்னது?"

"ஊர்ல இருந்து எம் பொஞ்சாதி பேராச்சி கடுதாசி போட்டிருக்கா. ஒங்களுக்கு அனுப்புன கதை அவளுக்குப் போயிட்டு. அவளுக்கு எழுதுனது இங்க வந்துட்டு." துண்டை விலக்கினான். கட்டுப் போட்ட கையில் இரண்டு விரல்கள் இல்லை. "மிசின்ல இது போன சேதியத்தான் அவளுக்கு எழுதியிருந்தேன்."

அனந்தநாராயணன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் சொல்லச் சொல்ல ரெண்டையும் எழுதுனது சிநேகிதன் பிச்சையா. கவர்ல போட்டது நான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுய்யா. வெக்கப்பட்டுக்கிட்டு ஒங்ககிட்ட சொல்லல. அந்தக் கடுதாசிய மட்டும் எடுத்துக் குடுத்துருங்க, இன்னைக்கே அவளுக்கு அனுப்பணும்."

மேசைமேல் ஏழெட்டுக் காகிதக் கட்டுகள் கிடந்தன. அனந்தநாராயணன் ஒன்றை எடுத்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் காது மடல் சிவந்துவிட்டது.

"இதுல எது உன்னோடதுன்னு எனக்கும் தெரியாதுப்பா" என்றார், தலையைத் தூக்காமல். "நான் படிச்சதெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடம். எனக்குத் தமிழை வாசிச்சுச் சொல்றவ ஊர்லேர்ந்து வந்தாத்தான் உண்டு."