படியேறிய பதில்

கோர்ட்டு மாடிப்படியின் அடியில் டீச்சரின் சக்கர நாற்காலி நிற்கிறது. மேல் ஜன்னலிலிருந்து இறங்கும் வெயில் படிக்குப் படி மடிந்து அவள் புடவைக் கரையில் வந்து படுத்துக்கொள்கிறது. அந்த வெளிச்சத்தில் தூசி நிதானமாக மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. தூசிக்குக் கொடுத்துவைத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறாள். தன்னைப் போன்றவர்களும் மாடி ஏற இந்தக் கட்டிடத்தில் ஒரு வழி வேண்டும் என்பதுதான் அவள் போட்டிருக்கும் வழக்கு. மாடியில் டவாலி அவள் பெயரைக் கூப்பிடுகிறார். மூன்றாம் முறையும் பதில் இல்லையென்றால் தள்ளுபடி. "தூக்கிட்டுப் போயிடறேன்க்கா," என்று தம்பி குனிகிறான். "நீ தூக்கிட்டுப் போயிட்டா அப்புறம் எதுக்குடா இந்தக் கேஸு," என்று அவன் கையை விலக்குகிறாள். மறுபடியும் பெயர் கேட்கிறது. படியில் உட்கார்ந்து தன் முறைக்காகக் காத்திருக்கும் ஒருவர் அண்ணாந்து, "கீழ இருக்காங்க," என்கிறார். அவருக்கு மேல்படியில் இருப்பவள் அதை வாங்கி அடுத்த படிக்குச் சொல்கிறாள். வாய்க்கு வாய் ஏறி அந்தப் பதில் மாடிக்குள் போய்விடுகிறது. பிறகு நீதிபதியின் கேள்வி அதே வழியாக இறங்கி வருகிறது. "ஏன் மேல வரலைன்னு ஐயா கேக்கறாராம்." டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. "கேஸே அதுதானேன்னு சொல்லுங்க." அதுவும் படிக்கு ஒரு சிரிப்பைச் சேர்த்துக்கொண்டு ஏறுகிறது. அப்புறம் மாடியில் ஒரு கனத்த நாற்காலி பின்னுக்கு நகரும் சத்தம். படியில் உட்கார்ந்திருந்தவர்கள், மேலிருந்து ஒவ்வொருவராக எழுந்து, ஓரமாக ஒதுங்கி வழி விடுகிறார்கள்.