நூற்று எழுபத்து நான்கு

மண்டலக் கைப்பந்துச் சங்கம் அணிப் பட்டியலை அனுப்ப இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. மதுரவாணியின் பெயரை எடுத்துவிட்டு, மாற்று ஆட்டக்காரி ஜெபாவைச் சேர்க்கச் சொல்லி, மதுரவாணியின் அப்பா இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். நேரம் தவறினால் ஜெபாவும் போட்டிக்குப் போக முடியாது.

"விலகுற பிள்ளையே நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்ண்ணே. அதுதான் விதி," என்றார் செயலாளர். "ரெண்டு வாரமா பயிற்சிக்கும் வரல. இதுக்கும் அப்பாவைத்தான் அனுப்புவாங்களா மகாராணி?"

"ஜெபா நல்லா ஆடும் சார். பாப்பாவுக்குப் பதிலா அது போகட்டும்."

"அப்போ போனைப் போட்டு அவளை வரச் சொல்லுங்க."

அவர் போனை எடுக்கவில்லை. உயரம் அளக்கும் சுவரின் அருகே போனார். தேர்வு நாளில் செயலாளர் பென்சிலால் இழுத்த கோடு நூற்று எழுபத்து நான்கில் இருந்தது. பக்கத்தில் மதுரவாணியின் பெயர். அப்பா அவளைவிடக் குள்ளம். கையை உயர்த்தி, உச்சந்தலையில் வைப்பதுபோல அந்தக் கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"பதினேழு நாளா நான் இதை வாயால சொல்லல சார்," என்றார். "பாப்பா செத்துப்போச்சு."